பாரியோ பயணம்: 10 கிலோவுக்குள் கூடாரம் அடங்குமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் தம்பியோடு சரவாக்கின் மீரியிலிருந்து மலைமேல் இருக்கும் பாரியோவுக்குப் பறக்கிறேன். 19 பேர் உட்காரும் ட்வின் ஓட்டர் விமானம். பைக்கு 10 கிலோதான் என்றார்கள். ஆளையும் தராசில் ஏற்றுவார்களாம். (தம்பி முன்னால் என் எடையைச் சொல்லிவிடுவார்களே என்பது தனிக் கவலை.)

நேற்று எங்கள் பழைய கூடாரத்தை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 4.3 கிலோ! இரும்பு ஆணிகள் மட்டுமே 600 கிராம். "என்னம்மா, வெங்காயமா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

கூடாரத்தை விட்டுவிட்டு ஹேமக்கும் (மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கை) மேலே கட்டும் தார்ப்பாயும் எடுக்கலாமா? பாரியோ 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர், இரவில் குளிரும். தொங்கிக்கொண்டு படுத்தால் முதுகில்தான் குளிர் ஏறும் என்கிறார்கள். அடியில் என்ன போடுவீர்கள்?

அப்புறம் அடுப்பு. கேஸ் டின்னை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அடுப்பை மட்டும் கொண்டுபோனால் அங்கே கடையில் டின் கிடைக்குமா, இல்லை விறகுதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 500 வெள்ளிதான் (ரிங்கிட்) கையில் இருக்கிறது.