நம்பிக்கை இல்லாதவன் தீர்த்தமலைக்குப் படியேறலாமா?

பாப்பாரப்பட்டிக்காரன்:
என் பெற்றோர் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். வீட்டில் சாமி படம் இருந்ததில்லை. முப்பத்து நான்கு வயதாகியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சென்ற ஆண்டு அம்மா இறந்தார். ஆடிப் பெருக்கன்று ஒகேனக்கல்லில், ஈரப் புடவையோடு நின்ற சித்தி காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதார். அழுது முடித்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படி இறக்கிவைக்க எனக்கு ஓர் இடமில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இதற்கிடையில், ஓசூரில் உடன் பணிபுரியும் அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவரை விரும்புகிறேன். பக்தி மிகுந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை தன்னோடு, அரூர் அருகே சிவன் கோயில் உள்ள தீர்த்தமலை ஏறி வர வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்பது. ஏறினால் அவரிடமும் என்னிடமும் பொய் சொன்னதாகாதா?

தகடூரான்:
தம்பி, இந்தத் தவிப்பு நம் ஊருக்குப் புதிதன்று. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்று 232ஆம் பாட்டைப் படியுங்கள். இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று, படையலுக்கு எதிரிலேயே நின்று ஐயப்படுகிறார் ஔவை. 235ஆம் பாட்டில், அவன் எங்கே இருக்கிறானோ என்று கேட்டு விடையின்றி விட்டுவிடுகிறார். விரித்துச் சொல்வது பெரும்பாலும் அவன் கொடுத்ததையும், புலால் நாறும் தம் தலையை நரந்தம் மணக்கும் கையால் தடவியதையும்தான். கரும்பலகையில் ‘கையறுநிலை’ என்று, இறந்தவரை எண்ணி வருந்தும் அந்தத் துறையை எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் இப்பாட்டைக் கடந்து போனவன் நான். என் மனைவி போன பிறகுதான் அந்தக் கை எனக்கு விளங்கியது.

அரூர்க்காரி:
என் வீட்டுக்காரரும் உங்களைப் போன்றவர்தான், தம்பி. பதினோர் ஆண்டுகளாக என்னோடு ஏறுகிறார். பாறை மேலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தில் தலையைக் காட்டுவார், சன்னிதிக்குள் மட்டும் வரமாட்டார். என் செருப்புக்குக் காவலாக வெளியே உட்கார்ந்திருப்பார். நானும் கும்பிடச் சொன்னதில்லை. மகனுக்கு மொட்டையடிக்கும்போதுதான் சண்டை மூண்டு, மூன்று நாள் பேச்சில்லை. ஆகவே மலையோடு நிறுத்தாமல், மொட்டை, காதுகுத்து, கருமாதி வரை இப்போதே பேசிவிடுங்கள்.

கறுப்புச்சட்டை, ஓசூர்:
இன்று மலை என்பார்கள், நாளை ஜாதகம் என்பார்கள். புரோகிதரோ அக்கினியோ இல்லாமல் உறவினர், நண்பர் முன்னிலையில் நடக்கும் திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. நீங்கள் மலை ஏறுவதானால், திருமண முறையில் அவர் ஒரு படி இறங்கி வரட்டும்.

பாப்பாரப்பட்டிக்காரன்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அவரிடம் பேசினேன். கும்பிட வேண்டியதில்லை, இறங்கும்போது முழங்கால் வலிக்கும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். புரோகிதர் இல்லாத திருமணத்தைப் பற்றி மட்டும் அவருடைய அப்பாவிடம் நானே வந்து சொல்ல வேண்டுமாம். ஞாயிறன்று அரூர் செல்கிறேன்.