ஒய்பிசிஓ ஹீட் கெப்பாசிட்டி மாடல், யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, கண்டென்ஸ்ட் மேட்டர் தியரில இருக்கவங்க யாராச்சும் இத கொஞ்சம் பாருங்க. ஒய்பிசிஓங்கற சூப்பர்கண்டக்டரோட எலக்ட்ரானிக் ஸ்பெசிஃபிக் ஹீட்ட (ஹீட் கெப்பாசிட்டில எலக்ட்ரானோட பங்கு) பைத்தான்ல போட்டுட்டு இருக்கேன், டீசி (சூப்பர்கண்டக்டர் ஆகற டெம்பரேச்சர்) 92 கெல்வின், டி-வேவ் கேப் (திசைக்குத் திசை மாறற எனர்ஜி இடைவெளி). எஸ்-வேவ் (எல்லா திசையிலயும் ஒரே கேப்) வச்சு ஓட்டினா பிசிஎஸ்ங்கற சூப்பர்கண்டக்டர் தியரி சொல்ற 1.43 ஜம்ப் (டீசில ஹீட் கெப்பாசிட்டி தாவற அளவு, நார்மல் ஸ்டேட்டோட வகுத்தது) அழகா வருது. ஆனா டி-வேவுக்கு 2.14 கேப் ரேஷியோ (ஜீரோ கெல்வின் கேப்ப டீசியோட எனர்ஜியால வகுத்தது) போட்டா 0.95 வரணும், எனக்கு 1.05 கிட்ட நிக்குது. லோ டெம்பரேச்சர்ல டெம்பரேச்சரோட ஸ்கொயரா போறதெல்லாம் சரியாத்தான் இருக்கு, அதனால இன்டக்ரேஷன் மேல எனக்கு சந்தேகம் இல்ல.

கேப் எப்படி குறையுதுங்கறதுக்கு எல்லாரும் போடற அந்த டான்எச் ஃபார்முலாவ, அதான் 1.74 வர்றது, அப்படியே போட்டிருக்கேன், அது எஸ்-வேவுக்கு ஃபிட் பண்ணது தானே, டீசி கிட்ட ஸ்லோப் மாறி அதுல தான் இடிக்குதோ? 1.74க்கு பதிலா 1.65 மாதிரி வச்சா போதுமா, இல்ல ஒவ்வொரு டெம்பரேச்சருக்கும் கேப் ஈக்வேஷன சால்வ் பண்ணியே ஆகணுமா?

இன்னொன்னு, 92 கெல்வின்ல மொத்த ஹீட்ல எலக்ட்ரான் ஜம்ப் சில பர்சென்ட் தான், மிச்சமெல்லாம் ஃபோனான், அதாவது அணுக்களோட அதிர்வு (பாவம் எலக்ட்ரான்). ஒரே டெபை டெம்பரேச்சர (அந்த அதிர்வுக்கான மாடல்ல வர்ற அளவு) வச்சு ஃபோனான் பங்க கழிக்கவே முடியல. டெபையோட ஐன்ஸ்டைன் மோட் (ஒரே ஃப்ரீக்வென்சில அதிர்றது) எத்தன சேக்கறீங்க? டீசி கிட்ட லாம்டா (λ) ஷேப்ல கூரா வர்ற ஃப்ளக்சுவேஷன இப்போதைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். கோட் வேணும்னா கமெண்ட்ல போடறேன்.