பக்கவாத நோயாளிக்கு அவருக்கென்றே ஒரு வீடியோ: வேண்டுமா, வேண்டாமா?

தென்றல்: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு நாள் வார்டில் இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் எந்த மாத்திரை எதற்கு என்றே தெரியவில்லை. அப்பாவின் ஸ்கேன் படத்தையும் அவர் மாத்திரைகளையும் காட்டி, அவர் பெயர் சொல்லி விளக்கும் ஐந்து நிமிட வீடியோவை வார்டிலேயே போட்டுக் காட்டலாமே. அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டிலும் பார்க்கலாம்.

முத்துவேல் (வார்டு செவிலியர்): எனக்கு உடன்பாடு இல்லை. வீடியோவைக் கொடுத்த கையோடு, 'சொல்லியாச்சு' என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். ஸ்பிரின்ட் இந்தியா என்ற ஆய்வில் 31 மையங்களில் 4,298 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 12 மொழிகளில் வீடியோ, குறுஞ்செய்தி, கையேடு எல்லாம் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டில் மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வருவது குறையவில்லை.

தென்றல்: அண்ணா, மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களும் குடியை விட்டவர்களும் அந்தப் பாதியில்தான் அதிகம். அதையும் சொல்லுங்கள். அவை எல்லோருக்கும் பொதுவான வீடியோக்கள். நான் கேட்பது வேறு.

கோமதி (பேச்சுப் பயிற்சியாளர்): பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அது அவருக்கான வீடியோ ஆகிவிடாது. பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டால் காது நன்றாகக் கேட்கும், சொல் புரியாது. அவருக்கு நீளமாகப் பேசும் வீடியோ வெறும் இரைச்சல். சின்ன வாக்கியம், படம், நடுவில் இடைவெளி, இதுதான் உதவும். வலப்பக்க மூளை பாதித்த சிலர் தங்கள் இடப்பக்கத்தில் இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். கட்டிலின் இடப்பக்கம் டேப்லெட்டை வைத்தால் அவரைப் பொறுத்தவரை அங்கே எதுவும் இல்லை. விழுங்குவதும் அப்படித்தான். ஒருவர் தண்ணீரைச் சாதாரணமாகக் குடிக்கலாம், பக்கத்துக் கட்டில்காரருக்கு அதே தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். இவற்றைப் பார்த்து எடுத்தால் வீடியோ நல்லதுதான்.

முத்துவேல்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை போடுபவருக்கு ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவு மாறிக்கொண்டே இருக்கும். போனில் பழைய வீடியோ பழைய அளவைச் சொல்லிக்கொண்டிருந்தால்? ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும்.

தென்றல்: அப்படியானால் அளவே வேண்டாம், அது சீட்டில் இருக்கட்டும். மாத்திரை எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும், இவை போதும். வீட்டுக்கு வந்த நான்காம் நாள், கைக்குப் புறா ரத்தம் தடவச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தில். அம்மாவுக்கு மறுத்துப் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கோளாறு கையில் இல்லை, தலைக்குள் என்று அப்பாவின் ஸ்கேனிலேயே பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்.

முத்துவேல்: அம்மாவுக்கு அதைக் காட்டத்தான் வேண்டும். காட்டிவிட்டு, 'என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள்' என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவில் முப்பது கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர். முதலில் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று கேளுங்கள்.