உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கேள்வி:
திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு வடக்கே, கடலோரத்தில் வீடு. ஆவணி வந்தால் கிணறு உவர்த்துவிடும், தேத்தண்ணீர்கூடக் கரிக்கும். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையாது. பக்கத்து ஹோட்டலின் நீச்சல் தடாகம் மட்டும் எந்நாளும் நிரம்பியிருக்கிறது! கொதிக்க வைத்தால் போதும் என்கிறா அம்மா. சரியா?

பதில் 1:
இல்லை தங்கச்சி. கொதித்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். கடலோர மணலுக்குள் நன்னீர், உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றருக்கு நன்னீர் என்பது பொதுக் கணக்கு. பெரிய பம்ப் போட்டு இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். அந்த ஹோட்டலுக்குக் குழாய்க்கிணறா என்று விசாரியுங்கள்.

பதில் 2:
2010இல் ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமை என்றது. ஒழுங்கைக்குள் நுழைய அந்த உரிமையும் பவுசரைவிட மெலிய வேணும் போல. சரி, ஐப்பசி மழைக்கு முன் கூரையில் மழைநீர்ப் பீலி பூட்டித் தொட்டி வையுங்கள். முதல் மழையைப் பிடிக்காதீர்கள்.

கேட்டவர்:
குழாய்க்கிணறுதான் அண்ணா. கிராம சேவகருக்குக் கடிதம் எழுதி, ஒழுங்கைச் சனத்திடம் கையெழுத்து வாங்குகிறேன்.