தீர்ப்புக்குள் வரும் இலக்கியம்: ‘மேற்கோளா’, ‘சுட்டா’?

வணக்கம் அண்ணன்,

தீர்ப்புக்குள் நீதிபதி இலக்கியத்தை எடுத்தாள்வதைக் குறிக்க நீங்கள் முன்வைத்த ‘இலக்கியச் சான்று’ என்ற கலைச்சொல் சரிவராது. மட்டக்களப்பு நீதிமன்றப் பக்கம் ‘சான்று’ என்றால் சான்றுக் கட்டளைச் சட்டம்தான் நினைவுக்கு வரும். திருவள்ளுவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது போலாகிவிடும். குறுக்கு விசாரணையை யார் செய்வது?

‘மேற்கோள்’ இன்னும் சிக்கல். போன மாதம் ஒரு மாணவி தீர்ப்பொன்றைச் சுருக்கி எழுதிக்கொண்டு வந்தாள். ‘மேற்கோள் காட்டப்பட்டவை’ என்ற தலைப்பின் கீழ் உயர் நீதிமன்ற முன்தீர்ப்புகள் இரண்டு, மூன்றாம் இலக்கத்தில் ஒரு குறள்! அவளில் பிழையில்லை, நாம் கொடுத்த சொல் அப்படி. முன்தீர்ப்பு கீழ் நீதிமன்றத்தைக் கட்டும், குறள் கட்டாது.

அதற்காகத் தீர்ப்புக்கு அழகூட்டும் அணி என்ற பொருளில் ‘தீர்ப்பணி’யும் வேண்டாம். பிரதமர் நவாஸ் ஷெரீப் மீதான பனாமா வழக்கில், 2017இல், பாகிஸ்தான் நீதியரசர் ஆசிப் சயீத் கோசா ‘த காட்ஃபாதர்’ நாவலோடு தொடங்கினாரே, அதை வேண்டுமானால் அணி எனலாம். ஆனால் 1941இல், போர்க்காலத் தடுப்புக்காவல் பற்றிய லிவர்சிஜ் எதிர் அண்டர்சன் வழக்கில், பிரித்தானிய நீதிபதி அட்கின் பிரபு செய்தது வேறு. எதிரித் தொடர்புடையவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அமைச்சர் ஆளைத் தடுத்துவைக்கலாம் என்பது விதி. காரணம் இருப்பதாக அமைச்சர் நினைத்தாலே போதும் என்றார்கள் மற்ற நான்கு நீதிபதிகளும். தான் நினைப்பதே சொல்லின் பொருள் என்று அடம்பிடிக்கும் ஹம்ப்டி டம்ப்டியை, லூயிஸ் கரோலின் சிறுவர் கதையில் வரும் அந்த முட்டை மனிதனை, அட்கின் இழுத்துவந்தது அங்கேதான். அந்த முட்டையை எடுத்துவிட்டால் வாதம் நொண்டும். அப்புறம் 1950இல், நம் நாட்டுப் புடவை வியாபாரியின் உரிமப் பத்திரம் பற்றிய நக்குடா அலி வழக்கில், நால்வரின் விளக்கத்தைப் பொது விதியாக்க, அன்று நம் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த கோமறைக் கழகமே (பிரிவி கவுன்சில்) மறுத்தது.

என் முன்மொழிவு ‘இலக்கியச் சுட்டு’. வரியை அப்படியே தந்தாலும், பாத்திரத்தின் பெயரை மட்டும் தொட்டுவிட்டுப் போனாலும் பொருந்தும்.

— மட்டக்களப்பிலிருந்து

தம்பி,

‘சுட்டு’ என்று வாசித்ததும் என் கனிட்ட சட்டத்தரணி கேட்டார்: “எங்கேயிருந்து சுட்டது, சேர்?” கல்முனையில் இந்தப் பகிடி ஒரு நாளும் ஓயாது. ‘சுட்டுகை’ என்று நீட்டுவோமா? வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘14ஆம் பந்தியிலுள்ள இலக்கியச் சுட்டுகை முன்தீர்ப்பன்று.’ வாயில் தடக்கவில்லை. என் ‘சான்றை’க் கைவாங்கிக்கொள்கிறேன்.