கோடு போட்ட எதைப் பார்த்தாலும் கண் கூசுகிறது, மைக்ரேன் உள்ளவர்கள் உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பல வருடங்களாக மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி. வலி வருவதற்கு முன் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மங்கும். அப்புறம் அது ரம்பப் பல் போன்ற மினுங்கும் வளைவாக விரிந்து, ஓரத்துக்குப் போய் மறையும். கண்ணை மூடினாலும் தெரியும். கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் பின்பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. வேகத்தில் நகரும் ஓர் அலைதான் காரணம் என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். சரி, அது பழகிவிட்டது.

பழகாதது, வலியில்லாத நாட்களிலும் வரும் தொல்லைதான். எஸ்கலேட்டர் படிகள், திரையில் வேகமாக உருளும் எழுத்து, நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை எல்லாமே நெளிகிற மாதிரி இருக்கின்றன. அப்படிச் சட்டை போட்டவரிடம் பேசும்போது நெற்றியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன நினைக்கிறார்களோ!

எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடியை இங்கே யாராவது அணிகிறீர்களா? டியூப் லைட் வெளிச்சத்தில் உண்மையிலேயே பயன் தெரிகிறதா? வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டுப் பழகினால் கண் கூச்சம் இன்னும் கூடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். கணினித் திரையில் எதை மாற்றியது உங்களுக்கு உதவியது என்றும் சொல்லுங்கள். மாத்திரைப் பெயர்கள் வேண்டாம், அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.