தாய் சேய் நலத்துக்கு உள்ளூர் சுகாதாரத்துறை முதல்ல எதை கையில எடுக்கணும்?

மகிழினி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஏரியா சுகாதாரக் குழுவுல என்னை சேர்த்திருக்காங்க, அடுத்த வருஷத்துக்கு தாய் சேய் நலத் திட்டம் எழுதித் தரணும். மீட்டிங்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் புது கட்டடம்ங்கிறார், ஒருத்தர் ஆப்ங்கிறார், இன்னொருத்தர் விழிப்புணர்வு முகாம்ங்கிறார். காசு கம்மி, ஆளும் கம்மி. பெரிய ஆஸ்பத்திரி எங்க கையில இல்ல, சின்ன சுகாதார நிலையமும் வீடு வீடா போற நர்ஸுங்களும்தான். இதை வச்சு எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? ஃபீல்டுல வேலை பார்த்தவங்க சொல்லுங்களேன்.

பழைய நர்ஸ்:
முகாமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல ரெஜிஸ்டரை எடுத்து கர்ப்ப கால செக்கப்புக்கு வராதவங்க யாருன்னு பேர் பேரா எழுதுங்க. மாசா மாசம் மேல போற ரிப்போர்ட்ல வந்தவங்க கணக்குதான் இருக்கும், அஞ்சாம் மாசம் வந்துட்டு அப்புறம் ஆளையே காணோம்னு ஆன பொண்ணு அந்த கணக்குல எங்கயுமே தெரிய மாட்டா. கர்ப்ப காலத்துல குறைஞ்சது 8 தடவை பார்க்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2016-லயே சொல்லிடுச்சு, அதுல 5 தடவை கடைசி மூணு மாசத்துல. பிபி ஏறுறது, குழந்தை வளர்ச்சி குறையுறது எல்லாம் அதிகமா தெரிய வர்றது அப்பதான், நிறைய பேர் வர்றதை நிறுத்துறதும் அப்பதான்.

அதைவிட பெரிய ஓட்டை டிஸ்சார்ஜுக்கு அப்புறம். பிறந்த ஒரு மாசத்துக்குள்ள இறந்து போற குழந்தைங்கள்ல ஏறக்குறைய முக்கால்வாசி முதல் வாரத்துலயே போயிடுதுங்க, ஆனா அந்த வாரத்துல அம்மாவும் பிள்ளையும் எந்த வீட்டுல இருக்காங்கன்னே நர்ஸுக்கு தெரியாது, அவ அம்மா வீட்டுக்கு போயிருப்பா, கொடுத்த நம்பர் வீட்டுக்காரரோடது. அதனால ஆஸ்பத்திரியோட பேசி டிஸ்சார்ஜ் லிஸ்ட் அன்னன்னைக்கே, போற வீட்டு அட்ரஸோட, உங்க கைக்கு வர்ற மாதிரி பண்ணுங்க. இதுக்கு ஒரு போனும் பொறுப்பான ஒரு ஆளும் போதும். பிரசவம் ஆன மூணாம் நாள், 7-லிருந்து 14 நாளுக்குள்ள ஒரு தடவை, ஆறாவது வாரம், இந்த மூணு தடவையும் நர்ஸ் வீட்டுக்குப் போறது தவறக்கூடாது.

போனா எடை எழுதிட்டு கிளம்பக்கூடாது. குழந்தைக்கு பால் கொடுக்கச் சொல்லி பக்கத்துல உக்காந்து பாக்கணும், சட்டையைத் தூக்கி மூச்சு விடும்போது நெஞ்சு உள்ள குழியுதா, தொப்புளைச் சுத்தி சிவந்திருக்கா, பாதம் ஜில்லுனு இருக்கான்னு பாக்கணும். அம்மாவுக்கு பிபி பாத்தே ஆகணும், பிரசவத்துக்கு அப்புறமும் ஏறும், தலைவலி, கண்ணு மங்குதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிதான்.

பிரசவ வார்டு:
அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை மாத்துறதுக்கில்ல. இன்னொண்ணு, உங்க நிலையத்துல பிரசவம் பாக்குறீங்கன்னா ரத்தப்போக்கை கண்ணால பாத்து அளவு சொல்றதை விடுங்க, கண்ணளவுல பெரும்பாலும் கம்மியாதான் தெரியும். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை அடியில வச்சு அளந்து, அளவு தாண்டினதும் எல்லா சிகிச்சையையும் ஒண்ணா ஆரம்பிச்சாங்க நாலு ஆப்பிரிக்க நாடுகள்ல, 2023-ல ரிசல்ட் வந்துச்சு, மோசமான ரத்தப்போக்கும் அதனால வர்ற ஆபத்தும் 60 சதவீதம் குறைஞ்சது. அப்புறம் வண்டி. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கு போன் பண்றது, எந்த ஆஸ்பத்திரியில ரத்தம் இருக்குன்னு சுவத்துல எழுதி ஒட்டுங்க, அந்த நம்பரை வாரம் ஒரு தடவை அடிச்சும் பாருங்க.

ரெட்டைப்புள்ள அம்மா:
நான் வேலை பாக்குற பக்கம் இல்ல, பிள்ளை பெத்த பக்கத்துலேர்ந்து சொல்றேன். எனக்கு ரெட்டைக் குழந்தைங்க, குறைமாசம். வந்தவங்க எல்லாரும் பிள்ளைங்களைத்தான் தூக்கிப் பாத்தாங்க, நீ தூங்குறியா, அழுகை வருதான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல, நான் வாரக்கணக்கா அழுதுட்டு இருந்தேன். அந்த ரெண்டு கேள்வியை கட்டாயம் சேருங்க, மாமியாரை வச்சுக்கிட்டு கேக்காம தனியா கேளுங்க. தடுப்பூசி நேரத்தையும் மாத்துங்க, வேலைக்குப் போறவ காலையில பத்து மணிக்கு எப்படி வருவா? வாரத்துல ஒரு சாயங்காலம் திறந்து வச்சா விட்டுப்போன பாதிப் பேர் வருவாங்கன்னு தோணுது.

மகிழினி:
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும். டிஸ்சார்ஜ் லிஸ்ட்டைத்தான் முதல்ல வைக்கப் போறேன். ஆனா நர்ஸுங்க ஏற்கனவே ரெஜிஸ்டர் எழுதியே களைச்சுப் போறாங்க, இதை எப்படி தலையில கட்டுறது?

பழைய நர்ஸ்:
கட்டாதீங்க, முதல்ல இறக்குங்க. ஒரே தகவலை எத்தனை நோட்டுல எழுதுறாங்கன்னு அவங்களோட உக்காந்து பாருங்க, தேவையில்லாததை நிறுத்தச் சொல்லி மேல எழுதுங்க. அதுல மிச்சமாகுற நேரம் அம்மாவையும் பிள்ளையையும் வீட்டுல போய்ப் பாக்க ஆகும். ஒரு அம்மாவோ குழந்தையோ இறந்துட்டா, நர்ஸை நிக்க வச்சு திட்டுற மீட்டிங் வேண்டாம், எந்த இடத்துல தாமதம் ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. திட்டினா அடுத்த தடவை உண்மை பேப்பர்ல வராதும்மா.